துறவோடு கதையை நிறுத்தாதீர்கள்: புத்தரைப் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் புத்தரின் துறவைப் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்து வந்தவை. கோபமும் உண்டு, ஆசையாகக் கேட்டவையும் உண்டு. அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுசாக அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் நிறையப் பேருக்குப் புத்தர் கதை அரண்மனையை விட்டுக் கிளம்பிய இரவோடு முடிந்துபோகிறது, மிஞ்சினால் போதி மரம் வரை. அப்போது அவருக்கு வயது 35தான். அதற்கப்புறம் 45 வருஷம் ஊர் ஊராக நடந்து, மனிதர்களோடு பேசி, அவர்கள் சண்டையில் தலையிட்டு, அவர்கள் சோற்றைச் சாப்பிட்டு வாழ்ந்தார். எனக்கு அவர் மேல் இருக்கும் மதிப்பெல்லாம் அந்த 45 வருஷத்தால் வந்தது.

கட்டின மனைவியையும் பிறந்த பிள்ளையையும் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போனவரை எப்படி மகான் என்பது? எங்கள் ஊரில் ஒரு ஆண் இப்படிப் போனால் அந்த வீட்டுப் பெண் என்ன பாடுபடுவாள் என்று எனக்குத் தெரியும்.
— கல்லூரி மாணவி, பென்னாகரம்

உங்கள் கோபம் நியாயமானது. அதை விட்டுக்கொடுக்காமலேயே இதைப் படியுங்கள்.

தூங்கும் யசோதரை, வாசலில் நிற்கும் கந்தகன் என்ற குதிரை, கூடவே போகும் தேரோட்டி சன்னன், இதெல்லாம் புத்தருக்குப் பல நூறு வருஷம் கழித்து எழுதப்பட்ட வரலாறுகளில் விரிவாக வருபவை. கிழவர், நோயாளி, பிணம், துறவி என்ற நாலு காட்சிகளும் பழைய பாலி சுத்தங்களில் (சுத்தம் என்றால் சூத்திரம், புத்தரின் பேச்சைச் சொல்லும் நூல்) அவருக்கு முன்னால் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் விபஸ்ஸி என்ற வேறொரு புத்தருக்கு நடந்ததாகத்தான் வருகின்றன. கோதமர், அதாவது நம் புத்தர், தன் வாயால் துறவைச் சொல்வதாக அரியபரியேசன சுத்தத்தில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே இரவும் இல்லை, குதிரையும் இல்லை. முடி கருகருவென்று இருந்த இளம் வயதில், தாய் தகப்பனுக்கு இஷ்டமில்லாமல், அவர்கள் கண்ணீர் வழிய அழுதுகொண்டிருக்கும்போதே, முடியையும் தாடியையும் மழித்துக் காவி உடுத்திக் கிளம்பினேன் என்கிறார். (பெற்ற தாய் மாயா, அவர் பிறந்த ஏழாம் நாளே இறந்துவிட்டாள், இங்கே அழுதவள் என்றால் வளர்த்த சித்தி மகாபிரஜாபதி கோதமியாகத்தான் இருக்க வேண்டும்.) ஆக, அழுகிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவர் அவர். இதனால் அந்த வீட்டின் துக்கம் குறைந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

அந்தத் துக்கத்தை பௌத்த நூல்களே மறைக்கவில்லை. ஞானம் பெற்றபின் அவர் சொந்த ஊரான கபிலவஸ்துவுக்குத் திரும்பி வந்தபோது, இராகுலனின் தாய் பையனிடம், "அதோ உன் அப்பா, போய் உன் சொத்தைக் கேள்" என்று அனுப்பினாள். பையனும் பின்னாலேயே போய்க் கேட்டான். புத்தர் அவனைச் சங்கத்தில் சேர்த்துவிடும்படி சீடர் சாரிபுத்தரிடம் சொல்லிவிட்டார். அப்போது புத்தரின் அப்பா, கிழவர் சுத்தோதனர் வந்து பேசியதைப் படித்தால் மனசு என்னவோ செய்யும். நீங்கள் போனபோது வலித்தது, உங்கள் தம்பி நந்தன் போனபோது வலித்தது, இப்போது இராகுலனும் போனது தாங்க முடியவில்லை. பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பை அறுத்து, உள்ளே மஜ்ஜை வரை போகிறது. இனி பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்காதீர்கள் என்றார். புத்தர் அதை ஏற்று விதியாகவே வைத்தார். இன்றைக்கும் பெற்றோர் சம்மதம் கேட்டுத்தான் சங்கத்தில் சேர்க்கிறார்கள்.

அப்பாவாக அவர் இராகுலனுக்கு என்ன கொடுத்தார் என்பதற்கும் ஒரு சுத்தம் உண்டு. கால் கழுவிய பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து, "இதைப் பார்க்கிறாயா? தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவனுக்கு இருக்கும் துறவு இவ்வளவுதான்" என்றார். அப்புறம் அதையும் கொட்டினார். அப்புறம் பாத்திரத்தையே கவிழ்த்துக் காட்டினார். ஒரு சின்னப் பையனுக்குப் பாடம் சொல்லும் தகப்பன் அங்கே தெரிகிறார். யசோதரையின் துக்கத்துக்கு இது போதுமா என்றால், போதாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆறு வருஷம் பட்டினி கிடந்துதானே புத்தர் ஞானம் அடைந்தார்? நானும் ஒரு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் விரதம் இருக்கிறேன், பலன் தெரியவில்லை.
— வாசகர், கிருஷ்ணகிரி

ஐயா, நடந்தது நேர் தலைகீழ். பட்டினியை விட்ட பிறகுதான் அவருக்கு வழி கிடைத்தது.

29 வயதில் வீட்டை விட்டவர் முதலில் ஆலார காலாமர், அப்புறம் உத்தக ராமபுத்தர் என்ற இரண்டு ஆசிரியர்களிடம் தியானம் கற்றார். இரண்டு பேருமே "நான் கற்றதெல்லாம் நீயும் கற்றுவிட்டாய், இந்தக் கூட்டத்தை நடத்து" என்று பதவி கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தேடி வந்தது இது இல்லை என்று எழுந்து போய்விட்டார். பிறகு உருவேலாவில், நேரஞ்சரா ஆற்றங்கரையில் உடம்பை வதைக்கத் தொடங்கினார். பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, அக்குளில் வியர்வை ஒழுகும் வரை மனசோடு மல்லுக்கட்டினார். காது இரைந்து தலை பிளக்கும் வரை மூச்சை அடக்கினார். அப்புறம் சாப்பாட்டைக் குறைத்தார். உள்ளங்கை அளவு பாசிப்பயறுச் சாறு, கொள்ளுச் சாறு, அவ்வளவுதான் ஒரு வேளைக்கு. கொள்ளு ரசம் நம் பக்கத்து வீடுகளில் சோற்றுக்கு ஊற்றிக்கொள்வது. சோறே இல்லாமல் அது மட்டும் என்று நினைத்துப் பாருங்கள். வயிற்றுத் தோலைத் தொட்டால் முதுகெலும்பு கைக்குச் சிக்கியது, ஒன்றுக்குப் போக எழுந்தால் குப்புற விழுந்தேன், கை கால்களைத் தேய்த்தால் வேர் அழுகிய முடி உதிர்ந்தது என்று அவரே சொல்கிறார்.

அந்த நிலையில் ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. சின்ன வயசில் அப்பா நிலத்தில் வேலையாக இருந்தபோது, ஒரு நாவல் மர நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தார். மனசு தானாக அடங்கி ஒரு சுகம் வந்தது. அந்தச் சுகத்தில் ஆசையும் இல்லை, கெடுதலும் இல்லை. அப்புறம் அதைக் கண்டு நான் ஏன் பயப்பட வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். எனக்கு இது போதி மரத்தைவிடப் பெரிய இடம். ஆறு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த ஒன்றை, இது தப்பான வழி என்று தெரிந்த அன்றைக்கே விட்டுவிட எத்தனை பேரால் முடியும்? இவ்வளவு மெலிந்த உடம்பால் அந்த நிலையை அடைய முடியாது என்று கண்டு, சோறும் கஞ்சியும் சாப்பிட்டார். கூட இருந்த ஐந்து பேர், கோதமன் கெட்டுப்போனான், சுகவாசி ஆகிவிட்டான் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

உங்கள் விரதத்தை நான் குறை சொல்லவில்லை. வயிற்றுக்கு அது நல்லதாக இருக்கலாம், அதை டாக்டரிடம் கேளுங்கள். ஞானத்துக்காக என்றால் புத்தரைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

போதி மரத்தடியில் அப்படி என்னதான் கண்டார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
— ஐடிஐ மாணவர், தேன்கனிக்கோட்டை

எதுவும் தானாக வருவதில்லை, காரணத்தால் வருகிறது, காரணம் போனால் அதுவும் போகும் என்று கண்டார் தம்பி. நாம் படும் துக்கத்துக்கும் அதுதான் கணக்கு. துக்கம் இருக்கிறது, அதற்குக் காரணம் வேட்கை, அதாவது இது வேண்டும், இது இப்படியே இருக்க வேண்டும், இது தொலைய வேண்டும் என்று மனசு விடாமல் பிடித்துக்கொள்வது, அந்தப் பிடி விட்டால் துக்கம் நிற்கும், விடுவதற்கு வழி உண்டு. அந்த வழி எட்டு அங்கம் கொண்டது. நல்ல பார்வையில் தொடங்கி, பேச்சு, செயல், பிழைக்கும் தொழில் வழியாகப் போய், மனசை ஒரு நிலையில் நிறுத்துவதில் முடிகிறது. தொழிலும் அதில் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஆயுதம், மனிதர்கள், மாமிசம், மது, விஷம், இந்த ஐந்தையும் விற்றுப் பிழைக்கக் கூடாது என்று இல்லறத்தாருக்குத் தனியாகவே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞானம் பெற்ற உடனே அவர் ஊரைக் கூட்டவில்லை. இது யாருக்குப் புரியப்போகிறது, பேசாமல் இருந்துவிடலாமா என்று தயங்கினார். சொல்லலாம் என்று முடிவு செய்தபின் முதலில் நினைத்தது அந்தப் பழைய ஆசிரியர்கள் இருவரையும்தான். இருவருமே அதற்குள் இறந்துவிட்டார்கள். சரி, விட்டுப்போன அந்த ஐந்து பேரிடம் சொல்வோம் என்று காசிக்கு நடந்தார். வழியில் உபகர் என்ற ஆசீவகத் துறவி எதிரே வந்து, முகம் தெளிவாக இருக்கிறதே, உன் குரு யார் என்று கேட்டார். எனக்குக் குரு இல்லை, நானே கண்டேன் என்றார் புத்தர். "இருக்கலாம் தம்பி" என்று தலையை ஆட்டிவிட்டு உபகர் வேறு பாதையில் போய்விட்டார். ஞானம் பெற்றபின் தன்னைப் பற்றி அவர் சொன்ன முதல் மனிதர் நம்பவில்லை. அவரும் துரத்திப் போய் நம்பவைக்கவில்லை, நடந்துகொண்டே இருந்தார். இசிபதனம் என்ற மான் காட்டில், இன்றைய சாரநாத்தில், அந்த ஐந்து பேருக்கு முதல் போதனை நடந்தது. சுகபோகமும் வேண்டாம், உடல் வதையும் வேண்டாம் என்றுதான் அந்தப் பேச்சே தொடங்குகிறது.

புத்தர் விஷ்ணுவின் அவதாரமா?
— வாசகி, ஓசூர்

அது பிற்காலப் புராணங்கள் சொல்வது, பௌத்தர்கள் ஏற்றதில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது எடுத்த 22 உறுதிமொழிகளில், புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை நான் நம்பவில்லை என்பதும் ஒன்று. பழைய சுத்தம் ஒன்றில் தோணர் என்ற பிராமணர் அவருடைய காலடித் தடத்தைப் பார்த்துத் தேடி வந்து, நீங்கள் தேவரா, கந்தர்வரா, யட்சரா, மனிதரா என்று வரிசையாகக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, "புத்தன் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்.

நாங்கள் மாந்தோப்பும் கொஞ்சம் நெல்லும் வைத்துப் பாடுபடுகிறோம். உழைக்காமல் ஓடு ஏந்திச் சாப்பிட்டவர் உழவனுக்கு என்ன சொல்லிவிட முடியும்?
— விவசாயி, காவேரிப்பட்டணம்

இதே கேள்வியை அவர் முகத்துக்கு நேராகவே ஒரு விவசாயி கேட்டிருக்கிறார் ஐயா. மகத நாட்டில் ஏகநாளா என்ற ஊர், விதைப்புக் காலம், காசி பாரத்வாஜர் என்ற பிராமணர் ஐந்நூறு கலப்பை பூட்டி உழவு நடத்திக்கொண்டிருக்கிறார். ஆட்களுக்குச் சாப்பாடு போடும் நேரத்தில் புத்தர் போய் ஓரமாக நின்றார். "நான் உழுகிறேன், விதைக்கிறேன், அப்புறம் சாப்பிடுகிறேன். நீயும் உழுது விதைத்துச் சாப்பிடு" என்றார் பாரத்வாஜர். நானும் உழுதுதான் சாப்பிடுகிறேன் என்றார் புத்தர். உன்னிடம் நுகமும் காணோம், கலப்பையும் காணோமே என்றதற்கு, நம்பிக்கை விதை, தவம் மழை, அறிவு நுகமும் கலப்பையும், மனசு கயிறு என்று அடுக்கிக்கொண்டே போனார். பாரத்வாஜருக்கு மனம் இளகிப் பாயசத்தை எடுத்துக் கொடுத்தார். புத்தர் வாங்கவில்லை. பாட்டுச் சொல்லிச் சம்பாதித்த சோறு எனக்கு ஆகாது என்றுவிட்டார். போதனையைக் கூலிக்கு விற்பதில்லை என்பதில் அவ்வளவு கறாராக இருந்தார்.

தண்ணீர் விஷயம் உங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கம். புத்தரின் குலமான சாக்கியர் நிலத்துக்கும் பக்கத்துக் கோலியர் குலத்தின் நிலத்துக்கும் நடுவே ரோகிணி ஆறு, இரண்டு பக்கமும் ஒரே அணையில் இருந்து பாசனம். ஒரு கோடையில் தண்ணீர் குறைந்துபோய், இந்தத் தண்ணீர் எங்கள் பயிருக்கு ஒரு தடவை பாய்ந்தால் போதும், விடுங்கள் என்று இவர்கள் சொல்ல, எங்களுக்கும் அப்படித்தான் என்று அவர்கள் சொல்ல, பேச்சு முற்றி கைகலப்பாகி, குலத்தை இழுத்துத் திட்டி, கடைசியில் இரண்டு பக்கத்துப் படையும் வந்து நின்றுவிட்டது. புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகங்களின் உரையில் வருகிற கதை இது. புத்தர் நடுவில் போய், சண்டை எதற்கு என்று கேட்டார். அரசர்களுக்குத் தெரியவில்லை. தளபதியைக் கேட்டார்கள், அவருக்கும் தெரியவில்லை. இப்படியே ஒவ்வொருவராகக் கீழே இறங்கி, வயலில் வேலை செய்யும் ஆட்களைக் கேட்டபோதுதான் தண்ணீர்ச் சண்டை என்று தெரிந்தது. தண்ணீருக்கு என்ன விலை, இங்கே சாகப்போகும் மனிதர்களுக்கு என்ன விலை என்று கேட்டார், படை திரும்பியது. கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் மடை திறக்கும் நாளைக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது பற்றி அவர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?
— செவிலியர், தர்மபுரி

சொன்னதைவிடச் செய்ததைக் கேளுங்கள். ஒரு நாள் கூடவே இருந்த சீடர் ஆனந்தரோடு துறவிகள் தங்கும் இடங்களைச் சுற்றிப் பார்த்து வந்தபோது, வயிற்றுப்போக்கு வந்த ஒரு துறவி தன் மலத்திலும் மூத்திரத்திலும் கிடந்தார். உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். ஏன் என்று கேட்க, நான் யாருக்கும் ஒன்றும் செய்ததில்லை, அதனால் எனக்கும் யாரும் வருவதில்லை என்றார். புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தான் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பிறகு தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அதன் பிறகே மற்றத் துறவிகளைக் கூட்டிப் பேசினார். உங்களுக்கு இங்கே தாயும் இல்லை, தகப்பனும் இல்லை; ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் வருவார்? எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யுங்கள் என்றார்.

நல்ல பணிவிடைக்காரர் யார் என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார். மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், நோயாளிக்கு எது ஆகும் எது ஆகாது என்று தெரிய வேண்டும், காசுக்காக என்று இல்லாமல் அன்போடு செய்ய வேண்டும், மலம் மூத்திரம் வாந்தி எடுக்க அருவருக்கக் கூடாது, அவ்வப்போது நாலு வார்த்தை பேசி நோயாளியைத் தேற்றவும் தெரிய வேண்டும். இரவுப் பணியில் ஒரு வார்டு முழுக்கப் பார்க்கிற உங்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வேலையை அவர் எந்த இடத்தில் வைத்தார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்களைச் சங்கத்தில் சேர்க்க மாட்டேன் என்றாராமே, உண்மையா?
— மகளிர் குழுத் தலைவி, ஊத்தங்கரை

துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய நூல் சொல்வது அப்படித்தான். கேட்டவள் வேறு யாரும் இல்லை, அவரைப் பாலூட்டி வளர்த்த மகாபிரஜாபதி. மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் மறுத்துவிட்டார். அவள் விடவில்லை. முடியை வெட்டிக் காவி உடுத்தி, சாக்கியப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கபிலவஸ்துவில் இருந்து வைசாலி வரை நடந்தே போய், வீங்கிய காலும் புழுதி படிந்த உடம்புமாக வாசலில் நின்று அழுதாள். ஆனந்தர்தான் உள்ளே போய் வாதாடினார். பெண்களால் உச்ச நிலையை அடைய முடியுமா, முடியாதா என்று கேட்டார். முடியும் என்றார் புத்தர். அப்படியானால் உங்களை வளர்த்தவளுக்கு ஏன் மறுக்கிறீர்கள் என்று ஆனந்தர் மடக்கிய பிறகு இசைந்தார். அதுவும் எட்டு நிபந்தனையோடு. துறவியாகி நூறு வருஷம் ஆகியிருந்தாலும் பெண், அன்றைக்குச் சேர்ந்த ஆண் துறவியை எழுந்து வணங்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

இந்த இடம் எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது, அதைப் பூசி மெழுக விருப்பமில்லை. இந்த நிபந்தனைகள் பின்னால் சேர்க்கப்பட்டவை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. எப்படியானாலும் வாசல் திறந்தது மகாபிரஜாபதி நடந்த நடையால். அந்த வழியாக உள்ளே போன பெண்கள் பாடியவை தேரிகாதை என்ற தொகுப்பில் 73 பாடல்களாக இருக்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்தவள், உரலும் உலக்கையும் விட்டு வந்தவள், தாசியாக இருந்தவள் எல்லோரும் அதில் தங்கள் குரலில் பேசுகிறார்கள். குழுக் கூட்டத்தில் ஒரு நாள் எடுத்து வாசியுங்கள்.

பன்றிக்கறி சாப்பிட்டுத்தான் இறந்தார் என்று என் நண்பன் கிண்டல் செய்கிறான். என்ன பதில் சொல்வது?
— வாசகர், பாலக்கோடு

என்ன சாப்பாடு என்பதில் பன்றி இறைச்சி என்றும் காளான் வகை என்றும் பழங்காலத்தில் இருந்தே இரண்டு கருத்து உண்டு. ஓட்டில் விழுந்ததைச் சாப்பிடுகிறவர் அவர். தனக்கென்று கொல்லப்பட்டதாகப் பார்க்காத, கேட்காத, சந்தேகம் வராத இறைச்சியைத் துறவிகள் வாங்கலாம் என்றுதான் அவர் விதி. அதனால் கறியாகவே இருந்தாலும் கிண்டல் செய்ய அதில் ஒன்றுமில்லை.

உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். 80 வயது, தன் கடைசி மழைக்காலத்தில் ஒரு தடவை சாகக் கிடந்து பிழைத்தவர், பாவா என்ற ஊரில் சுந்தன் என்ற கொல்லர் வீட்டில் சாப்பிட்டார். இரத்தபேதி கண்டது. அந்த வலியோடு குசிநகர் நோக்கி நடக்கும்போது அவருக்கு வந்த கவலை அந்தக் கொல்லரைப் பற்றி. உன் சோற்றைத் தின்றுதான் அவர் செத்தார் என்று ஊர் அவனைச் சொல்லும், அவனும் தன்னையே நொந்துகொள்வான் என்று நினைத்து, ஆனந்தரைக் கூப்பிட்டு, ஞானம் பெறுவதற்கு முன் சாப்பிட்ட சாப்பாடும் கடைசியாகச் சாப்பிட்ட இந்தச் சாப்பாடும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய புண்ணியம் என்று புத்தரே சொன்னதாகச் சுந்தனிடம் போய்ச் சொல் என்றார். அன்று இரவே இரண்டு சால மரங்களுக்கு நடுவே படுத்தவர், சாகும் நேரத்திலும் பார்க்க வந்த சுபத்தர் என்ற வேறு மார்க்கத்துத் துறவியைத் தடுக்காதே என்று ஆனந்தரிடம் சொல்லி, அவர் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

தகடூருக்கும் (இன்றைய தர்மபுரி) பௌத்தத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அரூர்

புத்தர் இந்தப் பக்கம் வந்ததில்லை, அவர் நடந்ததெல்லாம் கங்கைச் சமவெளியில். ஆனால் பௌத்தரான அசோகர் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்வித்தேன், மூலிகை இல்லாத இடங்களில் கொண்டுபோய் நடச் செய்தேன் என்று சொல்லும்போது, எல்லைக்கு அப்பால் உள்ள நாடுகளாகச் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் என்று பட்டியல் தருகிறார். அந்தச் சதியபுத்திரர் யார் என்று ரொம்ப நாள் சர்ச்சை. 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழி எழுத்துக் கல்வெட்டு "சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி" என்று சொன்னது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த உங்கள் தகடூர் அதியமானின் குலம்தான் அது. அசோகரின் மருத்துவம் இங்கே எப்படி நடந்தது என்று சொல்லச் சான்று இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உங்கள் மண் இருக்கிறது.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் சேலம் போய், ஆத்தூர் தாண்டி தியாகனூருக்குப் போங்கள் ஐயா. அங்கே தியானத்தில் உட்கார்ந்த பெரிய கல் புத்தர் இருக்கிறார், ஊர்க்காரர்கள் இன்றும் வழிபடுகிறார்கள். உங்கள் பழைய மாணவர்கள் யாராவது வண்டி வைத்திருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.